தொலைக்காட்சி மேடையிலிருந்து தூதரகத்துக்கு: பெனின் நாட்டு ஸோமஹோன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானியத் தொலைக்காட்சியில் கை ஓங்கி, குரல் உயர்த்தி ஜப்பானியர்களோடு வாதம் செய்த ஓர் ஆப்பிரிக்க மாணவர், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஜப்பானுக்குத் தன் நாட்டின் தூதரானார். இதைச் சொன்னால் பலர் முதலில் நம்புவதில்லை. நம்பியபின் கேள்விமேல் கேள்வியாகக் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த ஸோமஹோன்?

முழுப் பெயரில் பல பகுதிகள் உண்டு. ஜப்பானியர்கள் அவரை ஸோமஹோன் ரூஃபின் என்று அழைக்கிறார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். 1964-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் பிறந்தவர். சொந்த ஊர் தாசா-ஸூமே. கடற்கரை நகரமான கொத்தொனூவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரத்தில், பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. 41 குன்றுகளின் ஊர் என்று அங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆகஸ்ட் மாதத்தில் அங்குள்ள மாதா குகைக்கு நாடு முழுவதிலிருந்தும் யாத்திரிகர்கள் வருவார்கள்.

அந்த ஊர்க்காரர் 1994-இல் ஜப்பானுக்குப் படிக்கப் போனார். 1998-இல் தொலைக்காட்சியில் தோன்றினார். 2012 முதல் 2016 வரை ஜப்பானுக்கான பெனின் தூதராக இருந்தார். இந்த ஆண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

பெனின் என்பது பழைய தாஹோமேயா?

ஆமாம். 1960 ஆகஸ்ட் 1 அன்று பிரான்ஸிடமிருந்து விடுதலை பெற்றபோது அதன் பெயர் தாஹோமே. 1975-இல் பெனின் என்று மாற்றினார்கள். தலைநகரம் போர்ட்டோ-நோவோ, ஆனால் அரசாங்கம் இயங்குவது கொத்தொனூவில். 2013 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 1 கோடி. ஆட்சிமொழி பிரெஞ்சு. வீட்டில் பேசுவது ஃபோன், யொரூபா, பரீபா, இன்னும் பல மொழிகள். முக்கிய ஏற்றுமதி பருத்தி.

பிரெஞ்சு படித்தவர் பாரிஸுக்குத்தானே போவார்? ஜப்பானுக்கு எப்படிப் போனார்?

பெய்ஜிங் வழியாக. இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடும் இடம் இது.

1974-இலிருந்து ஜனாதிபதி மத்தியூ கெரேக்கூ பெனினை மார்க்சிய-லெனினியப் பாதையில் நடத்தினார். 1990-இன் தேசிய மாநாட்டுக்குப் பிறகுதான் பல கட்சி ஜனநாயகம் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் சோஷலிச நாடுகளின் கல்வி உதவித்தொகை அந்த நாட்டு இளைஞர்களுக்கு ஒரு கதவாக இருந்தது. ஸோமஹோன் 1980-களின் பிற்பகுதியில் சீன அரசின் உதவித்தொகையில் பெய்ஜிங் போய், மொழிக் கல்வி நிறுவனத்தில் சீன மொழி படித்தார். சில ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அங்கிருந்துதான் ஜப்பான்மீது அவருக்கு நாட்டம் வந்தது.

1994-இல் டோக்கியோவில் இறங்கியபோது அவருக்கு உதவித்தொகை எதுவும் இல்லை. உடலுழைப்பு வேலைகளைப் பார்த்துச் சம்பாதித்துக்கொண்டே மொழிப் பள்ளியில் படித்தார். பிறகு சோஃபியா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தார். நான்கே ஆண்டுகளில், ஒரு கூட்டத்துக்கு நடுவே எழுந்து நின்று ஜப்பானிய மொழியில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். ஜப்பானிய மொழியும் சீன எழுத்துகளைப் பயன்படுத்துவதால், அவை முன்பே தெரிந்திருந்தது பெரிய உதவி. ஆனாலும் பகலில் உடல் நோக வேலை பார்த்துவிட்டு இரவில் ஒரு மொழியை அப்படிக் கற்றுக்கொள்வது சாதாரணக் காரியம் இல்லை. அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த நான்கு ஆண்டுகள்தான்.

தொலைக்காட்சிக்குள் எப்படி நுழைந்தார்?

1998-இல் டிபிஎஸ் தொலைக்காட்சி ‘கோகோ கா ஹென் தா யோ நிஹோன்ஜின்’ என்ற விவாத நிகழ்ச்சியைத் தொடங்கியது. ‘ஜப்பானியர்களே, உங்களிடம் இதுதான் விசித்திரமாக இருக்கிறது’ என்று பொருள் சொல்லலாம். ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் ஐம்பது, நூறு பேரை ஒரே அரங்கில் உட்கார வைப்பார்கள். எதிரே ஜப்பானியர்கள். பணியிடம், கல்யாணம், இனவெறி, போர்க்கால வரலாறு என்று தலைப்பு மாறிக்கொண்டே இருக்கும். எல்லோரும் ஜப்பானிய மொழியில்தான் பேச வேண்டும். நடத்தியவர்கள் தகேஷி கிடானோவும் தெர்ரி இத்தோவும். 2002 வரை ஓடியது.

அந்தக் கூட்டத்தில் தனியாகத் தெரிந்தவர் ஸோமஹோன். பெனின் நாட்டு அங்கியும் தொப்பியும் அணிந்து வருவார். பேச ஆரம்பித்தால் வேகம் கூடிக்கொண்டே போகும், குரலும் கூடவே ஏறும். கோபம் வந்தால் மறைக்கமாட்டார், அழுகை வந்தாலும் மறைக்கமாட்டார். உணர்ச்சியை அடக்கிப் பேசுவதை மரியாதையாகக் கருதும் ஒரு நாட்டில் அது பார்வையாளர்களைப் பிடித்து இழுத்தது. கொஞ்ச நாளிலேயே தெருவில் அவரை அடையாளம் கண்டுகொள்ள ஆரம்பித்தார்கள்.

அவர் நடிகரா, பாடகரா, தொகுப்பாளரா?

மூன்றும் இல்லை. ஜப்பானில் இதற்கு ‘தாரெண்டோ’ என்று ஒரு தனிச் சொல் இருக்கிறது. ஆங்கிலத்தின் டேலன்ட் என்ற சொல் அங்கே போய் வேறு பொருள் எடுத்துக்கொண்டது. திரையில் தானாகவே தோன்றி, பேசி, சிரித்து, கருத்துச் சொல்லிப் பிழைப்பவர் தாரெண்டோ. 1980-களில் வெளிநாட்டு தாரெண்டோ என்றாலே பெரும்பாலும் அமெரிக்க வெள்ளையர்கள்தான். 1990-களில் ஜப்பானில் வாழ்ந்த ஆப்பிரிக்கர்களே மொத்தம் சில ஆயிரம் பேர். அந்தச் சூழலில் ஓர் ஆப்பிரிக்கரின் முகம் வாரம் தவறாமல் வீட்டுக்குள் வந்தது என்பது சின்ன விஷயம் இல்லை.

அந்த நிகழ்ச்சி ஆப்பிரிக்கர்களைக் காட்சிப் பொருளாக்கவில்லையா?

ஆக்கியது. இதை மழுப்ப விரும்பவில்லை. கத்தும் ஆப்பிரிக்கர், வாதிடும் அமெரிக்கர், கொந்தளிக்கும் கொரியர் என்று நாட்டுக்கு ஒரு முகமூடி மாட்டிவிட்டு, மோதல் வெடிக்கும் நொடிக்காகக் காத்திருந்த நிகழ்ச்சி அது. கோஇச்சி இவாபுச்சி போன்ற ஊடக ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சாதாரண வெளிநாட்டுக் குடியிருப்பாளர்களின் நிஜமான குறைகள்கூட அங்கே விற்பனைப் பண்டமாகிவிட்டன என்பது அவர்கள் வைத்த விமர்சனம். ஜப்பானில் வாழ்ந்த வெளிநாட்டவரிலேயே பலருக்கு அந்த நிகழ்ச்சியைக் கண்டால் ஆகாது. மறுநாள் அலுவலகத்தில் “நீங்களும் அப்படித்தான் கத்துவீர்களா?” என்ற கேள்வியை அவர்கள்தானே சந்திக்க வேண்டியிருந்தது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. வீட்டு வாடகை, வேலை, ரயிலில் பக்கத்து இருக்கை காலியாகவே கிடப்பது என்று வெளிநாட்டவர் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டதை நாடு முழுக்கக் கேட்கும்படி பேச அன்று வேறு மேடை கிடையாது. ஸோமஹோனுக்குக் கொடுக்கப்பட்டது ஒரு கோமாளி இடம் என்றே வைத்துக்கொள்வோம். அவர் அங்கே நின்று பேசியது காலனி ஆட்சியையும், வறுமையையும், பள்ளிக்கூடம் இல்லாத கிராமங்களையும். தயாரிப்பாளர்களுக்கு வேண்டியது சத்தம். அவர் அந்தச் சத்தத்துக்குள் விஷயத்தை வைத்தார். விமர்சகர்கள் நிகழ்ச்சியைப் பற்றிச் சொன்னது சரி. அதை வைத்து அவரையும் சேர்த்து ஒதுக்கிவிடுவது சரியில்லை என்பது என் கருத்து.

தகேஷி கிடானோவுக்கும் இவருக்கும் என்ன உறவு?

கிடானோவை உலக சினிமா ரசிகர்களுக்குத் தெரியும். 1997-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய இயக்குநர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு வழியில் தெரியும்: போகோ சேனலில் ஓடிய ‘தகேஷிஸ் கேசில்’ விளையாட்டில், கோட்டைக்குள் உட்கார்ந்திருந்தாரே ஒரு பிரபு, அவரேதான். ஜப்பானுக்குள் அவர் முதலில் ஒரு நகைச்சுவைக் கலைஞர்.

விவாத நிகழ்ச்சியில் ஏற்பட்ட பழக்கத்தில் ஸோமஹோன் கிடானோவின் நிறுவனத்தோடு சேர்ந்தார். ஜப்பானியக் கலை உலகில் குரு–சீடன் உறவு இன்னும் உயிரோடு இருக்கிறது. சீடன் குருவின் கூடவே இருப்பான், வேலைகளைச் செய்வான், பார்த்துப் பார்த்துக் கற்பான். ஆராய்ச்சி மாணவரான ஸோமஹோன் அந்த இடத்தைக் கூச்சமில்லாமல் ஏற்றுக்கொண்டார். பின்னாளில் பெனினில் கட்டிய பள்ளிக்குக் கிடானோவின் பெயரையே வைத்தார்.

சம்பாதித்த பணத்தை என்ன செய்தார்?

1999-இல் தன் வாழ்க்கையை ஜப்பானிய மொழியில் ஒரு நூலாக எழுதினார். நன்றாக விற்றது. அந்த உரிமத்தொகை பெனினுக்குப் போனது, ஆரம்பப் பள்ளிகள் எழும்பின. ஒன்றின் பெயர் தகேஷி ஆரம்பப் பள்ளி. இன்னொன்று எடோ. மற்றொன்று மெய்ஜி.

அந்தப் பெயர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர். மெய்ஜி என்பது ஒரு பேரரசர் காலத்தின் பெயர். அதைக் கேட்டவுடன் ஜப்பானியர் மனதில் வருவது 1868-இல் தொடங்கிய நவீன மாற்றமும், 1872-இல் வந்த கல்விச் சட்டமும். எந்தக் கிராமத்திலும் படிக்காத குடும்பம் இருக்கக் கூடாது, எந்தக் குடும்பத்திலும் படிக்காத ஆள் இருக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தோடு வந்த அறிவிப்பின் உயிர்நாடி. மேற்கத்திய அறிவியலையும் சட்டத்தையும் ஜப்பானியர்கள் தங்கள் மொழிக்குள் கொண்டுவந்து, தங்கள் மொழியிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெனினில் வீட்டில் ஃபோன் அல்லது யொரூபா பேசும் குழந்தை, பள்ளியில் முதல் நாளே பிரெஞ்சுக்குள் தூக்கிப் போடப்படுகிறது. ஜப்பான் வளர்ந்ததற்கு அதன் தாய்மொழிக் கல்வி ஒரு காரணம் என்று ஸோமஹோன் மேடைக்கு மேடை பேசியவர். தமிழில் படிக்கும் நமக்கு இந்த வாதத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2003-இல் கொத்தொனூவில் ஒரு ஜப்பானிய மொழிப் பள்ளியையும் ஆரம்பித்தார். அதற்கும் தகேஷி பெயர்தான். கட்டணம் கிடையாது. அங்கே படித்த இளைஞர்கள் பலர் ஜப்பானுக்கு மேற்படிப்புக்குப் போனார்கள். இதில் ஓர் ஆண்டுக் கணக்கைக் கவனிக்க வேண்டும்: பெனினில் ஜப்பான் தன் தூதரகத்தைத் திறந்தது 2010-இல். அதாவது ஜப்பான் அரசின் தூதரகம் கொத்தொனூவுக்கு வருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, அங்கே கரும்பலகையில் ஹிராகானா எழுத்துகள் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. ஒரு தாரெண்டோ செய்த வேலை அது.

இந்தப் பணிகளுக்காக அவர் நிறுவிய அமைப்பின் பெயர் ‘இஃபே’. யொரூபா மொழிக் குடும்பத்தில் அன்பு என்று பொருள்.

சரி, பிரபலமானவர் என்பதற்காகத்தானே தூதராக்கினார்கள்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பிரபலம் உதவியது, சந்தேகமில்லை. ஆனால் பிரபலம் மட்டும் போதும் என்றால் 1999-இலேயே ஆக்கியிருப்பார்கள். அவர் முகம் மிக அதிகமாகத் தெரிந்த காலம் அதுதான். தூதர் பதவி வந்ததோ நிகழ்ச்சி முடிந்து பத்து ஆண்டுகள் கழித்து.

அந்தப் பத்து ஆண்டுகளில் நடந்தது என்ன? பள்ளிகள் ஓடின. மாணவர்கள் வந்து போனார்கள். ஜப்பானிய நன்கொடையாளர்கள், பல்கலைக்கழகங்கள், உள்ளூர் ஊராட்சிகள் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசி ஒரு பெரிய அறிமுக வலை பின்னினார். பெனின் ஜனாதிபதிக்குச் சிறப்பு ஆலோசகராகவும் இருந்தார். ஆக, ஜனாதிபதி தொமா போனி யாயி ஆட்சியில் தூதர் நியமனம் வந்தபோது, அந்த வேலையின் பாதியை அவர் ஏற்கெனவே சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தார். தூதரகம் அவருக்கு ஒரு மேசையும் முத்திரையும் கொடுத்தது என்றுதான் நான் பார்க்கிறேன்.

இன்னொன்று. எல்லா நாடுகளிலும் தூதர்கள் இரண்டு வகையில் வருவார்கள். வெளியுறவுத் துறையில் படிப்படியாக ஏறி வருபவர்கள் ஒரு வகை. நாட்டுத் தலைவர் வெளியிலிருந்து நேரடியாக நியமிப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகை சட்டத்துக்குப் புறம்பானதோ ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதோ இல்லை. அமெரிக்கா பல காலமாக நடிகர்களையும் தொழிலதிபர்களையும் தூதர்களாக அனுப்பிக்கொண்டிருக்கிறது.

ஒருவரைத் தூதராக அனுப்ப என்ன நடைமுறை?

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1961-இன் வியன்னா உடன்படிக்கை.

முதலில், அனுப்பும் நாடு ரகசியமாக ஒரு பெயரைக் கொடுத்து, ஏற்கும் நாட்டின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். ஏற்கும் நாடு மறுக்கலாம். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜப்பானிய சமூகத்தின் குறைகளை நான்கு ஆண்டுகள் தேசியத் தொலைக்காட்சியில் உரக்கச் சொன்னவரின் பெயர் டோக்கியோவின் மேசைக்கு வருகிறது. ஒரு வார்த்தை விளக்கம்கூட இல்லாமல் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஜப்பான் சரி என்றது. இதில் ஜப்பானுக்கும் பாராட்டு சேர வேண்டும்.

பிறகு நியமனப் பத்திரம். பெனின் ஜனாதிபதி கையெழுத்திட்ட அந்தக் கடிதத்தைத் தூதர் அரண்மனைக்கு எடுத்துப் போய் ஒப்படைக்க வேண்டும். ஜப்பானில் அதற்கு ஓர் அழகான மரபு உண்டு. அரண்மனை அனுப்புவது காரா, குதிரை வண்டியா என்று தூதரே தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலானவர்கள் குதிரை வண்டியைத்தான் கேட்கிறார்கள். வழக்கமாக டோக்கியோ ரயில் நிலையத்தின் மருனோஉச்சிப் பக்கத்திலிருந்து ஊர்வலம் கிளம்பும். 2012 காலத்தில் நிலையத்தின் முன்புறம் கட்டுமான வேலை நடந்ததால், பக்கத்திலுள்ள மெய்ஜி செய்மெய்கான் கட்டடத்திலிருந்து கிளம்பியது. அலுவலகம் போகும் கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கும்.

சின்ன நாட்டுத் தூதர் என்றால் கடைசி வரிசைதானா?

இல்லை. வரிசையைத் தீர்மானிப்பது நாட்டின் அளவோ பணமோ அல்ல, பதவியேற்ற தேதி. முதலில் வந்தவர் முன்னால் நிற்பார். டோக்கியோவில் பல ஆண்டுகளாகத் தூதர்களின் மூத்தவர் என்ற இடத்தில் இருந்தவர் சான் மரினோவின் தூதர். அந்த நாட்டின் மொத்தப் பரப்பளவே 61 சதுர கிலோமீட்டர்!

இத்தனை ஆண்டுகள் ஜப்பானில் வாழ்ந்தவர் ஜப்பானியக் குடியுரிமை வாங்கியிருந்தால்?

இந்தப் பாதையே ஏறக்குறைய அடைபட்டிருக்கும். தூதரக அதிகாரிகள் அனுப்பும் நாட்டின் குடிமக்களாக இருக்க வேண்டும் என்பது வியன்னா உடன்படிக்கையின் பொது விதி. ஏற்கும் நாட்டுக் குடிமகனையே அனுப்ப வேண்டுமானால் அந்த நாட்டின் தனிச் சம்மதம் தேவை. ஜப்பானோ, குடியுரிமை பெறுபவர் பழைய குடியுரிமையை விட வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாடு. ஸோமஹோன் பெனின் குடிமகனாகவே இருந்தார்.

தூதரான பிறகும் தொலைக்காட்சியில் நடித்துச் சம்பாதிக்கலாமா?

முடியாது. உடன்படிக்கையின் 42-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: தூதரக அதிகாரி ஏற்கும் நாட்டில் சொந்த லாபத்துக்காக எந்தத் தொழிலோ வியாபாரமோ செய்யக் கூடாது. தன் நாட்டைப் பற்றிப் பேசத் திரையில் தோன்றலாம். தாரெண்டோவாகச் சம்பளம் வாங்கக் கூடாது.

அதைவிடப் பெரிய மாற்றம் 41-ஆம் பிரிவில் இருக்கிறது. தூதர் ஏற்கும் நாட்டின் உள்விவகாரங்களில் தலையிடக் கூடாது. ‘ஜப்பானியர்களே, உங்களிடம் இதுதான் விசித்திரம்’ என்று சொல்லிப் பெயர் வாங்கிய மனிதர், அந்த வாக்கியத்தை இனி பொதுவில் சொல்ல முடியாத இருக்கையில் உட்கார்ந்தார். எந்தக் குரலால் அறியப்பட்டாரோ அந்தக் குரலைத் தாழ்த்திக்கொள்வது எளிதாக இருந்திருக்காது.

தூதராக அவர் என்ன வேலை பார்த்தார்?

சின்ன நாட்டுத் தூதரகத்தில் ஆட்கள் மிகக் குறைவு. விசா, மாணவர் விவகாரம், நன்கொடை, வணிகம், கலாச்சார விழா எல்லாம் ஒரே வாசலுக்கு வரும். தூதரே தொலைபேசியில் பேசி, ஊர் ஊராக ரயிலேறி, பள்ளிக்கூட மாணவர்கள் முன்னால் நின்று, “பெனின் எங்கே இருக்கிறது தெரியுமா?” என்று ஆரம்பிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் இதைச் செய்யக்கூடிய ஆப்பிரிக்கத் தூதர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஜப்பானில் வணிக முதலாளியையோ ஊர்த் தலைவரையோ அவர் மொழியில், அவர் ஊர்ப் பேச்சுக்கு ஏற்பச் சிரிக்க வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதில் ஸோமஹோனுக்கு நிகர் இல்லை.

அவர் காலத்தில் நடந்த பெரிய நிகழ்வு, 2013 ஜூன் 1 முதல் 3 வரை யோகோஹாமாவில் நடந்த ஐந்தாவது டிக்காட் மாநாடு. ஆப்பிரிக்க வளர்ச்சி பற்றி 1993-இலிருந்து ஜப்பான் நடத்திவரும் உச்சி மாநாடு இது. 51 ஆப்பிரிக்க நாடுகள் கலந்துகொண்டன. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அரசும் தனியாரும் சேர்ந்து 3.2 லட்சம் கோடி யென் வரை தருவதாக ஜப்பான் அறிவித்தது. இப்படிப்பட்ட மாநாட்டுக்கு முன்னால் பல மாதங்கள், டோக்கியோவில் இருக்கும் ஆப்பிரிக்கத் தூதர்கள் எல்லோரும் ஒரே அணியாக உட்கார்ந்து ஜப்பானிய அதிகாரிகளோடு வார்த்தை வார்த்தையாகப் பேசி முடிப்பார்கள். கேமரா எட்டிப் பார்க்காத வேலை அது.

யூனிசெஃப் நல்லெண்ணத் தூதர் என்று நடிகர்களைச் சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பெயர்தான் ஒன்று. நல்லெண்ணத் தூதர் ஓர் அமைப்புக்காகத் தன் புகழைக் கொடுத்து உதவுபவர். அவருக்குத் தூதரகமும் கிடையாது, சட்டப் பாதுகாப்பும் கிடையாது, நாட்டின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரமும் கிடையாது. ஜப்பானியத் தொலைக்காட்சியின் தெத்சுகோ குரோயனாகி 1984-இலிருந்து யூனிசெஃபுக்கு அப்படி இருக்கிறார். பெனினில் பிறந்த பாடகி ஆஞ்செலிக் கிஜோ 2002-இலிருந்து. இருவரும் செய்வது நல்ல வேலை. ஸோமஹோன் வகித்தது அரசுப் பதவி.

இவருக்கு முன்னால் இப்படி வேறு ஆப்பிரிக்கர் யாராவது?

இருக்கிறார், ஆனால் எதிர்த் திசையில். கினி நாட்டின் ஒஸ்மான் சங்கோன் 1972-இல் டோக்கியோவில் தன் நாட்டுத் தூதரகத்தை அமைப்பதற்காக வந்த அதிகாரி. 1984-இல் ஒரு மதிய நேர நிகழ்ச்சியில் தலைகாட்டியவர், பிறகு நாடறிந்த தாரெண்டோ ஆகிவிட்டார். ‘சான்’ என்றால் ஜப்பானிய மொழியில் மூன்று. “இச்சிகோன், நிகோன், சங்கோன்” என்று தன் பெயரையே ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக் காட்டி அறிமுகம் செய்துகொள்வார். குழந்தைகள் கூடச் சேர்ந்து கத்துவார்கள். அவர் போட்டுவைத்த அந்தச் சிரிப்பு வழியில்தான் 1998-இல் ஸோமஹோன் நடந்து வந்தார் என்று தோன்றுகிறது. ஒருவர் தூதரகத்திலிருந்து திரைக்கு, இன்னொருவர் திரையிலிருந்து தூதரகத்துக்கு.

2016-க்குப் பிறகு?

அந்த ஆண்டு ஏப்ரலில் பெனினில் பத்ரிஸ் தலோன் புதிய ஜனாதிபதியானார். ஸோமஹோனின் தூதர் காலமும் அதே ஆண்டில் முடிந்தது. அதன்பின் பழையபடி சொற்பொழிவு மேடைகளுக்கும் தன் அமைப்பின் வேலைகளுக்கும் திரும்பினார். தூதர் என்ற பட்டம் போய்விட்டது. பெனினில் ஆரம்பப் பள்ளி ஒன்றின் பெயர்ப் பலகையில் ஒரு ஜப்பானிய நகைச்சுவைக் கலைஞரின் பெயர் இருக்கிறது. அவர் யாரென்று அங்கே படிக்கும் குழந்தைகள் கேட்டால், ஆசிரியர் ஸோமஹோனிலிருந்துதான் கதையைத் தொடங்க வேண்டியிருக்கும்.